டீசலில் பழைய எஞ்சின் ஆயில்: லாபமா, வம்பா?

காசில்லாமல் கிடைக்குதே என்று, பழைய எஞ்சின் ஆயிலை டீசலில் கலந்து ஓட்டும் லாரிக்காரர்கள் அமெரிக்காவில் உண்டு. அங்கே அதிகாரிகள் லாரியை நிறுத்தி, தொட்டியிலிருந்து டீசல் எடுத்துப் பார்ப்பார்கள். தேடுவது சிவப்புச் சாயத்தை.

ஏன் சிவப்பு?
பண்ணை டிராக்டர்களுக்கான டீசலுக்குச் சாலை எரிபொருள் வரி இல்லை. அடையாளத்துக்குச் சாயம் கலப்பார்கள். அதைச் சாலையில் எரித்தால் அபராதம் 1,000 டாலரில் தொடங்கும்.

கறுப்பு ஆயில் அதை மறைக்குமா?
கண்ணுக்கு மறையலாம், ஆய்வுக்கூடத்தில் மறையாது. சாயமே இல்லையா? சாலையில் எரிக்கும் ஆயிலுக்கும் கேலனுக்கு 24.4 சென்ட் மத்திய வரி உண்டு.

லாரிக்கு என்ன ஆகும்?
இதுதான் பெரிய செலவு. ஆயிலில் உள்ள துத்தநாகமும் கால்சியமும் எரிந்து தீராது. சாம்பலாகிப் புகை வடிகட்டியை அடைக்கும். 2007க்குப் பிறகு வந்த லாரிகளில் இந்த வடிகட்டி இருக்கு. அது இல்லாத பழைய லாரி தப்பிக்கும். சாம்பல் பின்னால் வருபவர்களின் மூச்சில் போகும்.