மெழுகுக்குத் தடை, பணத்துக்கு இல்லை: பனிச்சறுக்குப் போட்டிகளும் உபகரணச் சமத்துவமும்

2014 பெப்ரவரியில் ரஷ்யாவின் சோச்சி நகரில் நடைபெற்ற குளிர்கால ஒலிம்பிக்கில், ஆண்களுக்கான 15 கிலோமீற்றர் நெடுந்தூரப் பனிச்சறுக்குப் போட்டியில் சுவிற்சர்லாந்து வீரர் டாரியோ கொலோனா தங்கப் பதக்கம் வென்றார். கடைசி இடம் பெரு நாட்டு வீரர் ரொபேர்ட்டோ கார்செலெனுக்கு. இருவரது நேரங்களுக்கும் இடையே ஏறத்தாழ அரை மணி நேர வித்தியாசம் இருந்தது. வென்றவர் எல்லைக்கோட்டருகே காத்திருந்து, கடைசியாக வந்தவருக்குக் கைகொடுத்தார். ஒலிம்பிக் உணர்வுக்கு எடுத்துக்காட்டாக அந்தக் காட்சி இன்றும் பகிரப்படுகிறது.

அந்த அரை மணி நேரத்தின் பெரும்பகுதி பயிற்சியாலும் பனியில் வளர்ந்த வாழ்க்கையாலும் வந்தது. அதை எந்த விதியாலும் ஈடுசெய்ய முடியாது. ஆனால் முதல் இருபது இடங்களுக்குள் வருபவர்களைப் பிரிப்பது வெறும் சில செக்கன்கள். அந்தச் செக்கன்களைப் பல வேளைகளில் தீர்மானிப்பது காலில் பூட்டிய பலகையும் அதன் அடியில் பூசிய மெழுகும் தான். 2026 பெப்ரவரியில் இத்தாலியில் நடைபெற்ற குளிர்கால ஒலிம்பிக், புளோரீன் கலந்த மெழுகுக்குத் தடை நடைமுறைக்கு வந்த பின்னர் நடந்த முதலாவது குளிர்கால ஒலிம்பிக் ஆகும். அந்தத் தடை தண்ணீரையும் தொழிலாளரையும் காப்பாற்றுகிறது. அது போட்டியைச் சமமாக்கியிருக்கிறதா என்பது வேறு கேள்வி.

ஒரு சோடி போதாது

நெடுந்தூரப் பனிச்சறுக்கு, மலையுச்சியிலிருந்து சறுக்கி இறங்கும் விளையாட்டு அல்ல. சமதரையிலும் ஏற்றத்திலும் இறக்கத்திலும் வீரர் தன் சொந்தப் பலத்தால் முன்னேற வேண்டும். இதில் இரண்டு முறைகள் உண்டு. மரபு முறையில் இரு பலகைகளும் பனியில் வெட்டப்பட்ட இரு தடங்களுக்குள் சமாந்தரமாக ஓடும். சுதந்திர முறையில் கால்களைப் பக்கவாட்டில் உதைத்துச் செல்லலாம்.

மரபு முறைக்கான பலகை வில்லைப்போல நடுவில் மேல்நோக்கி வளைந்திருக்கும். பாதத்தின் கீழே உள்ள அந்த நடுப்பகுதியில் பிடிமான மெழுகு பூசப்படும். உதைக்கும்போது அப்பகுதி பனியில் பட்டுப் பிடிக்க வேண்டும். சறுக்கும்போது பனியைத் தொடாமல் மேலெழ வேண்டும். வீரரின் உடல் நிறைக்குப் பலகை அதிகம் விறைப்பாக இருந்தால் ஏற்றத்தில் கால் பின்னோக்கி வழுக்கும். அதிகம் மென்மையாக இருந்தால் மெழுகு எந்நேரமும் பனியில் உரசி வேகத்தைக் குறைக்கும். ஆகவே பலகையைத் தெரிவு செய்யும்போது உயரத்தை விட நிறையே முக்கியம். கடைகளில் இதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. இரு பலகைகளிலும் சமமாக நிற்கும்போது பாதத்தின் கீழே செருகிய மெல்லிய தாள் நகர வேண்டும். முழு நிறையையும் ஒரு காலில் போடும்போது அது இறுகிவிட வேண்டும்.

அடுத்தது பனி. கடுங்குளிரில் புதிதாக விழுந்த பனியின் பளிங்குகள் கூர்மையானவை; அவை பலகையின் அடிப்பகுதியைச் சுரண்டும். வெப்பம் ஏறி ஈரமான பனியில் நீர்ப்படலம் உருவாகிப் பலகையைக் கீழே உறிஞ்சிப் பிடிக்கும். எனவே பொலித்தீன் வகைப் பொருளால் ஆன அடிப்பகுதியில் இயந்திரக் கல்லால் நுண்ணிய கோடுகள் செதுக்கப்படுகின்றன. குளிர்ந்த பனிக்கு மெல்லிய கோடுகள், ஈரப்பனிக்குப் பருத்த கோடுகள். காலையில் பொருந்திய பலகை மதியம் பொருந்தாமல் போகலாம். வார இறுதியில் பொழுதுபோக்காகச் சறுக்குபவருக்கு ஒரு சோடி போதும். உலகக் கிண்ண மட்டத்தில் முன்னணி வீரர் ஒருவருக்காகப் பத்துக்கணக்கான சோடிகள் தயாராக இருக்கும்.

அளவுநாடா போதுமான விதி

ஊன்றுகோலின் கதை வேறு. காபன் இழையால் ஆன இலேசான ஊன்றுகோல்கள் வந்த பின்னர், மேலுடல் பலம் மிக்க வீரர்கள் மரபு முறைப் போட்டிகளில் கால்களை உதைக்காமலே இரு கைகளாலும் ஊன்றி ஊன்றிப் போகத் தொடங்கினர். பிடிமான மெழுகு தேவைப்படாததால் பலகையும் வேகமாகச் சறுக்கியது. சுவீடனின் 90 கிலோமீற்றர் வாசாலொப்பெற் ஓட்டத்தில் முன்னணியில் வருபவர்கள் இன்று இப்படித்தான் ஓடுகின்றனர். மரபு முறையே அழிந்துவிடும் என்ற அச்சத்தில், 2016-17 பருவத்திலிருந்து அம்முறைக்கான ஊன்றுகோலின் நீளம் வீரரின் உயரத்தில் 83 வீதத்தைத் தாண்டக்கூடாது என சர்வதேச பனிச்சறுக்குச் சம்மேளனம் விதித்தது. சப்பாத்துடன் சேர்த்து 180 சென்ரிமீற்றர் உயரமான ஒருவர் ஏறத்தாழ 149 சென்ரிமீற்றர் ஊன்றுகோலையே பயன்படுத்தலாம்.

இது ஒரு நல்ல விதி. அதை அமுல்படுத்த ஓர் அளவுநாடா போதும். பணக்கார நாட்டு வீரருக்கும் ஏழை நாட்டு வீரருக்கும் அது ஒரே மாதிரிப் பொருந்தும்.

புளோரீன் மெழுகு

புளோரீன் மெழுகு நீரையும் அழுக்கையும் ஒட்டவிடாது. அதனால் ஈரப்பனியில் அதற்கு இணை இருக்கவில்லை. ஆனால் அதிலுள்ள சேர்மங்கள் இயற்கையில் இலகுவில் அழிவதில்லை. மண்ணிலும் நீரிலும் உடலிலும் தங்கிவிடுகின்றன. மின்னழுத்தியால் சூடாக்கிப் பூசும்போது எழும் புகையைச் சுவாசித்தவர்கள் மெழுகு பூசும் தொழில்நுட்பவியலாளர்களே. 2010 இல் வெளியான சுவீடன் ஆய்வொன்று, அவர்களது இரத்தத்தில் இவ்வகைச் சேர்மமொன்றின் செறிவு பொதுமக்களை விட 40 மடங்குக்கும் அதிகமாக இருந்ததைக் காட்டியது. நோர்வேயின் துரொண்டெய்ம் நகருக்கு அருகேயுள்ள பனிச்சறுக்குத் திடலில் மண்ணிலும் மண்புழுக்களிலும் எலிகளிலும் கூட இச்சேர்மங்கள் கண்டறியப்பட்டன.

சம்மேளனம் 2019 இலேயே தடையை அறிவித்தது. ஆனால் போட்டித் திடலில் நம்பகமாகச் சோதிக்கும் கருவி தயாராகாததால் 2023-24 பருவத்திலேயே அது முழுமையாக நடைமுறைக்கு வந்தது. இன்று பலகையின் அடியில் அகச்சிவப்புக் கதிரைச் செலுத்தி புளோரீன் இருக்கிறதா எனப் பார்க்கின்றனர். 2023 ஒக்ரோபரில் ஒஸ்திரியாவின் சோல்டனில் நடந்த மலைச்சறுக்குப் போட்டியில் நோர்வே வீராங்கனை ராக்ன்ஹில்ட் மோவிங்கல் இவ்விதியின் கீழ் உலகக் கிண்ணத்தில் தகுதிநீக்கம் செய்யப்பட்ட முதலாமவரானார்.

தடை சரியானது. 30 கிராம் தூள் நூறு டொலருக்கும் அதிகமாக விற்கப்பட்ட காலம் முடிந்தது. செலவு குறைந்தால் சமத்துவம் வரும் எனப் பலர் எதிர்பார்த்தனர். ஆனால் பணம் இடம் மாறியது. முன்னர் நல்ல மெழுகு சுமாரான பலகையின் குறையை ஓரளவு மறைத்தது. இப்போது பலகையின் விறைப்பும் அடியில் உள்ள கோடுகளும் முன்னரை விட வெளிப்படையாகப் பேசுகின்றன. அதிக பலகைகளும், அவற்றை விடிகாலையில் ஓடிப் பார்க்கும் சோதனையாளர்களும், கல்செதுக்கும் இயந்திரமும், அனைத்தையும் சுமந்து செல்லும் பாரவூர்தியும் யாரிடம் உண்டோ அவர்களுக்கே அனுகூலம். பலகைகளைத் தானே காவிச் சென்று தானே மெழுகு பூசும் சிறிய நாட்டு வீரர் முன்பிருந்த இடத்திலேயே நிற்கிறார்.

பணம் எப்போதும் வெல்வதில்லை என்பது உண்மை. சோச்சியில் பெரும் வளம் கொண்ட நோர்வே, அஞ்சலோட்டங்களில் பெண்கள் பிரிவில் ஐந்தாமிடத்துக்கும் ஆண்கள் பிரிவில் நான்காமிடத்துக்கும் தள்ளப்பட்டது. மெழுகுத் தெரிவே அதற்குக் காரணமாகப் பெரிதும் பேசப்பட்டது. ஆனால் அதே நாடு 2022 பெய்ஜிங்கில் மொத்தமாக 16 தங்கங்களை வென்றது. 2025 துரொண்டெய்ம் உலகப் போட்டியில் அதன் வீரர் ஜொஹனஸ் கிளேபோ ஆறு நெடுந்தூர ஓட்டங்களிலும் தங்கம் வென்றார். அவரது திறமையில் சந்தேகமில்லை. ஆனால் பிழைவிட்டாலும் மீண்டெழும் வசதி வளம் உள்ளவர்களுக்கே உண்டு.

எண்ணிக்கையை மட்டுப்படுத்த முடியாதா?

பலகைகளின் எண்ணிக்கைக்கு வரம்பு வைத்தால் கண்காணிக்க முடியாது என்பது வழக்கமான பதில். அதே துரொண்டெய்ம் போட்டியின் இன்னொரு சம்பவம் இதற்கு மறுப்பாக அமைகிறது. பனிப் பாய்ச்சல் போட்டியில் நோர்வே அணியினர் ஆடைகளைச் சட்டவிரோதமாக மாற்றியமைத்தது அம்பலமானது. சில நாட்களிலேயே சம்மேளனம், பருவம் முடியும் வரை ஒரு வீரருக்கு ஓர் ஆடை என மட்டுப்படுத்தி, அவற்றைத் தன் கண்காணிப்பில் வைத்தது. வெட்கக்கேடு ஒன்று நேர்ந்தபோது ஒரு வாரத்தில் முடிந்த காரியம், சமத்துவத்துக்காகச் செய்ய முடியாததா? ஃபோர்முலா 1 காரோட்டத்தில் கூட 2021 முதல் அணிகளின் செலவுக்கு உச்சவரம்பு உண்டு.

போட்டித் தொடர் ஒன்றுக்கு ஒரு வீரர் இத்தனை சோடிகளையே பதிவு செய்யலாம் என்ற விதியும், சிறிய அணிகளுக்கு ஒலிம்பிக் திடலில் பொதுவான மெழுகுக் கூடமும் நல்ல தொடக்கமாக அமையும். உற்பத்தி நிறுவனங்கள் விரும்பமாட்டா. வளம் மிக்க சம்மேளனங்களும் எதிர்க்கும். ஆனால் ஊன்றுகோல் விதியைப் போல அதுவும் எண்ணிப் பார்க்கக்கூடிய, எல்லோருக்கும் ஒரே அளவான விதி.

நோர்வே எமக்கு அந்நியமான நாடல்ல. 1980 களில் அதன் வட எல்லையில் மீன் தொழிற்சாலைகளில் வேலைக்குச் சேர்ந்த எம்மவரின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று பாடசாலைப் பனிச்சறுக்கு நாளுக்குப் பலகையுடன் போகின்றனர். வாங்க வசதியில்லாத குடும்பங்களுக்கு உபகரணங்களை இலவசமாக இரவல் கொடுக்கும் நிலையங்கள் அங்கு பல ஊர்களில் உண்டு. புளோரீன் மெழுகையும் உலகத் தடைக்கு முன்பே, 2018-19 பருவத்தில், சிறுவர் போட்டிகளில் அந்நாடு தடை செய்தது. பிள்ளைகள் மத்தியில் பணம் வெல்லக்கூடாது என்பதை அந்தச் சமூகம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. அதே நியாயத்தை ஒலிம்பிக் மேடைக்கும் கொண்டு செல்லும்போது தான், கொலோனா கொடுத்த அந்தக் கைகுலுக்கலுக்கு முழுமையான அர்த்தம் கிடைக்கும்.