கிரீஸும் ஓர் இடுபொருள்தான்

நம் கூட்டங்களில் ஜீவாமிர்தம் பற்றி ஒரு மணி நேரம் பேசுகிறோம். மீன் அமிலத்துக்கு வெல்லம் எவ்வளவு என்று சண்டைகூடப் போடுகிறோம். ஆனால், "டிராக்டருக்குக் கிரீஸ் அடிச்சீங்களா?" என்று யாரும் யாரையும் கேட்டு நான் பார்த்ததில்லை. டிராக்டர் என்றாலே நமக்குக் கொஞ்சம் கூச்சம். ஏர் பூட்ட ஆளில்லை, வேறு வழியில்லாமல் வைத்திருக்கிறோம் என்பது போல அதைக் கொட்டகை மூலையில் விட்டுவிடுகிறோம். இந்த அலட்சியம் ரசாயன விவசாயியைவிட நமக்குத்தான் அதிக நஷ்டம் தரும். பட்டுத்தான் சொல்கிறேன்.

போன நவரையில் காவேரிப்பாக்கம் ஏரித் தண்ணீர் வந்ததும் சேறடிக்க ரோட்டவேட்டரை மாட்டினோம். ஒற்றை நாற்று நடவுக்காக விட்ட பூங்கார், 14ஆம் நாள் பிடுங்க வேண்டியது. இரண்டாம் நாள் காலையில் பி.டி.ஓ. ஷாப்டில் கடகடவென்று சத்தம். ஓட்டுகிற தம்பி நிறுத்துவதற்குள் கிராஸ் உடைந்துவிட்டது. மெக்கானிக் கழற்றியபோது உள்ளே இருந்த ஊசி பேரிங் துருப்பொடியாகக் கொட்டியது. "சார், இதுக்குச் சோறு போட்டு எத்தினி நாளாச்சு?" என்றார். என்னிடம் பதில் இல்லை.

வங்கியில் இருந்தபோது டிராக்டர் கடன் ஆய்வுக்குப் போவேன். ஆர்.சி. புத்தகம், இன்சூரன்ஸ், சேஸிஸ் எண் எல்லாம் பார்ப்பேன். நிப்பிள் காய்ந்து கிடக்கிறதா என்று ஒருநாளும் குனிந்து பார்த்ததில்லை. என் சொந்த வண்டிக்கும் அதே பார்வைதான் இருந்திருக்கிறது.

ஊரே சேறடிக்கும் நேரம், வாடகை வண்டியும் கிடைக்கவில்லை. ஆறு நாள் போனது. வயதான நாற்றை நட்டோம். தூர் சரியாகக் கட்டவில்லை. யூரியா போடுகிறவர் ஒரு கை கூடப் போட்டுச் சமாளிக்கப் பார்ப்பார். நமக்கு அந்தக் குறுக்குவழி கிடையாது. பருவம் தப்பினால் தப்பினதுதான்.

நம் பெரியவர்கள் வைக்கோல் கரியை விளக்கெண்ணெயில் குழைத்து வண்டி மை செய்தார்கள். மூங்கில் குழாயில் போட்டு மாட்டுவண்டியிலேயே தொங்கவிட்டிருப்பார்கள். டிராக்டர் வந்ததும் அந்த அக்கறையை மெக்கானிக்கிடம் ஒப்படைத்துவிட்டோம். திரும்ப நம் கைக்கு வர வேண்டும்.

வேலை பெரிதல்ல. இன்ஜினை நிறுத்தி, ரோட்டவேட்டரைத் தரையில் இறக்கி, சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள். ஷாப்ட் சுற்றும்போது வேட்டியும் துண்டும் அதன் பக்கம் போகவே கூடாது. உயிர் போகிற விஷயம். நிப்பிளைத் துணியால் துடைத்துவிட்டுத்தான் கிரீஸ் கன்னை வைக்க வேண்டும். இல்லையென்றால் மண்ணைத்தான் உள்ளே அனுப்புவோம். பழைய கிரீஸ் பிதுங்கி வரும்வரை அடியுங்கள். கிராஸில் நான்கு முனையிலும் வர வேண்டும். முன் அச்சின் நடுப் பின்னுக்கு ஜாக்கி வைத்துப் பாரத்தை இறக்கி அடித்தால்தான் அழுந்தும் பக்கத்துக்கும் போகும். அடைத்த நிப்பிளை மாற்றிவிடுங்கள்.

வண்டியோடு வந்த கையேட்டில் உள்ள கணக்கே முதல் கணக்கு. பொதுவாக, கிராஸுக்கு 8 முதல் 10 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை. கிங் பின், ஸ்டியரிங் ஜாயிண்ட், பெடல் ஷாப்டுக்குக் காய்ந்த நிலத்தில் 50 மணி நேரத்துக்கு ஒருமுறை. சேற்றில் இறங்கினால் அன்று மாலையே எல்லாவற்றுக்கும் அடிக்க வேண்டும். புதுக் கிரீஸ் உள்ளே புகுந்த தண்ணீரையும் சேற்றையும் தள்ளிக்கொண்டு வந்துவிடும். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்றால் துரு நமக்காகக் காத்திருக்காது.

"கிரீஸ் பெட்ரோலியச் சரக்குதானே, நமக்கு எதுக்கு?" என்று ஒரு புது நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால், நிமிடத்துக்கு 540 சுற்று சுற்றும் ஷாப்டுக்கு வண்டி மை தாங்காது. வேண்டிய இடத்தில் வேண்டிய அளவு போடுவோம். மண்ணில் விழாமல் பார்த்துக்கொள்வோம். பிதுங்கிய கிரீஸை வழித்து, துடைத்த துணியோடு ஒரு டப்பாவில் போட்டு மூடி வையுங்கள். பாலாற்றில் தோல் கழிவு கலந்ததற்காக உச்ச நீதிமன்றம் வரை போன மாவட்டம் இது. கெடுத்தவரே ஈடுகட்ட வேண்டும் என்று 1996இல் தீர்ப்பு வாங்கினோம். அப்படிப்பட்ட நாமே ஏரிக் கால்வாயில் டிராக்டரை இறக்கிக் கழுவலாமா? அளவு சிறிது, ஆனால் நியாயம் ஒன்றுதான்.

வெளியிலிருந்து வாங்குவதைக் குறைக்கச் சொல்லித்தான் நம்மாழ்வார் ஐயா ஊர் ஊராக நடந்தார். உரமும் மருந்தும் மட்டுமா வெளிச் செலவு? உடைந்த கிராஸும் பேரிங்கும் அதே கணக்கில்தான் வரும். அதனால் ஒவ்வொரு பயிற்சியிலும் அரை மணி நேரம் இதற்கு ஒதுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அடுத்த கூட்டத்துக்கு ஜீவாமிர்த வாளியோடு நான் ஒரு கிரீஸ் கன்னும் கொண்டுவருகிறேன். நீங்கள் பழைய துணி கொண்டுவந்தால் போதும்.