ஆய்வேட்டுக்குப் பூட்டு ஏன்?

தாத்தா கைநாட்டு, பேத்தி முனைவர்! மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலைக்குக் கரும்பு வெட்டி அனுப்பும் குடும்பத்திலிருந்து ஒரு பெண் ஆய்வேடு எழுதிப் பட்டம் பெறுகிறாள் என்றால் நமக்கெல்லாம் பூரிப்புத்தான். ஆனால், தோழர்களே, அவள் எழுதிய ஏடு எங்கே? பக்கத்துக் கழனிக்காரர் அதைப் பார்க்க முடியுமா?

அந்நாளில் அச்சிட்டுக் கொடுத்தால்தான் பட்டம். அண்ணல் அம்பேத்கர் கொலம்பியாப் பல்கலைக்கழகத்துக்கு எழுதிய ஆய்வு 1925இல் லண்டனில் நூலாயிற்று. பட்டம் கைக்கு வந்ததோ 1927இல்! இன்று அந்தச் சுமை இல்லை. பட்டம் வழங்குமுன் மின்படியைக் காந்திநகரிலுள்ள இன்ஃபிலிப்நெட் மையத்துக்கு அனுப்ப வேண்டும் என்பது பல்கலைக்கழக மானியக் குழுவின் விதி. அங்கே 'சோத்கங்கா' என்னும் களஞ்சியத்தில் எவரும் காசின்றிப் படிக்கலாம். பெயரிலே கங்கை இருக்கிறது. ஆனால் குறுக்கே அணை போடவும் வழி வைத்திருக்கிறார்கள்! அதற்குத் தடைக்காலம் என்று பெயர். தலைப்புத் தெரியும், சுருக்கம் தெரியும், உள்ளே நுழைய மட்டும் முடியாது.

பூட்டே கூடாது என்று நாம் சொல்லவில்லை. விண்ணப்பிக்குமுன் வெளியாகிவிட்ட கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை கிட்டாது. ஆகவே விண்ணப்பம் பதிவாகும்வரை பூட்டட்டும். பதிவான பின்னும் பூட்டு எதற்கு? நூலாக்கப் போகிறேன் என்பார் சிலர். அமெரிக்க வரலாற்றுச் சங்கம் 2013இல் ஆறாண்டு வரை மூடி வைக்க இடங்கொடுக்கச் சொன்னது. வரலாறு காத்திருக்கும், கரும்பு காத்திருக்குமா? செவ்வழுகல் நோய்க்கு மருந்து சொல்லும் ஏட்டை ஐந்தாண்டு பூட்டினால், ஐந்து வெட்டு போய்விடுமே! உதவித்தொகை தந்தது யார் பணம்? தீப்பெட்டிக்கும் வரி கட்டுகிற நம் பணமன்றோ!

கல்வராயன் மலைக்கு வாருங்கள். இங்கே நாம் சற்றுத் தயங்குகிறோம். மலையாளிப் பழங்குடிப் பெரியவர் இலையைக் காட்டுகிறார், வேரைக் காட்டுகிறார், மாணவர் குறித்துக்கொள்கிறார், மாணவருக்குப் பட்டம், பெரியவருக்கு? ஏட்டில் வெளியிட்டால் பாதுகாப்பும் உண்டு. மஞ்சளுக்கு 1995இல் அமெரிக்காவில் தந்த காப்புரிமை, பழைய எழுத்துச் சான்றுகளைக் காட்டியதால்தான் 1997இல் ரத்தாயிற்று. ஆனால், வெளியான மருந்தைக் கம்பெனிக்காரன் காய்ச்சி விற்றால் மலைக்கு என்ன வரும்? கேரளத்துக் காணிப் பழங்குடியினர் சொன்ன ஆரோக்கியப் பச்சையிலிருந்து மருந்து செய்தபோது, வந்த உரிமத் தொகையில் பாதி அவர்களுக்கென்று ஒதுக்கப்பட்டது. அந்த ஏற்பாடு முடியும்வரை மலைமருந்து ஏட்டைப் பூட்டுங்கள். நாமே சாவி பிடித்து நிற்கிறோம்.

மற்றவற்றுக்கு, பூட்டக் கேட்கும் தாளிலேயே காரணமும் திறக்கும் தேதியும் எழுதட்டும். தேதி வந்ததும் தானே திறக்கட்டும். திறந்ததும், பேத்தியே ஆலை வாசலில் நின்று, கரும்பு வண்டியோடு காத்திருப்பவர்களுக்குத் தமிழில் நாலு பக்கம் படித்துக் காட்டட்டும்.