ஞாயித்துக்கிழமை சாம்பாருக்கு லீவு

தலைப்பைப் பார்த்துட்டு யாரும் கரண்டியைத் தூக்கிட்டு வராதீங்க மக்களே. சாம்பாருக்கு நான் எதிரி இல்லை. வாரத்துல ஆறு நாள் அது இருக்கட்டும். ஏழாவது நாள் ஒரு சாலட், ஒரு கார டார்ட், அவன்ல வெச்ச ஒரு இனிப்பு (அடுப்பைத்தான் ‘அவன்’னு சொல்றேன்). அவ்வளவுதான் நம்ம கட்சி.

"இதெல்லாம் வெள்ளைக்காரன் சாப்பாடு, நமக்கு ஒத்துக்காது" என்று ஒரு பதில் உடனே வரும். மத்த ஊர்ல இருந்துகிட்டு அப்படிச் சொன்னா கூடப் பரவாயில்லை. பெங்களூர்ல உட்கார்ந்துகிட்டு எப்படிங்க சொல்றது? ராமநவமிக்கு இந்த ஊர்ப் பந்தல்ல பானகத்தோட கையில வாங்குற கோசம்பரி என்ன? ஊறவெச்ச பாசிப்பருப்பு, வெள்ளரிக்காய், தேங்காய், எலுமிச்சை. அடுப்புல வேகவைக்காத அசல் சாலட். நம்ம ஊர்ல அதே நாள்ல அதையே வடபருப்புன்னு சாப்பிட்டு வளர்ந்தவங்கதான் நாம.

பேக்கரி கதை இன்னும் சுவாரசியம். 1898-ல சிக்பேட்டையில பெங்களூர் பிரதர்ஸ் பேக்கரியை ஆரம்பிச்சது ஹாசன் பக்கத்து ஐயங்கார்கள். விவி புரத்துல 1953-ல வந்த விபி பேக்கரியும் அதே வழிதான். ஹெப்பார் ஐயங்கார்களோட வீட்டு மொழி கன்னடம் கலந்த ஒரு தமிழ். நமக்குப் பல நூறு வருஷம் முன்னாடியே இங்க குடிவந்த சீனியர்கள்னு வெச்சுக்குங்களேன் :-) முட்டை தொடாதவங்க, ஐரோப்பிய ரொட்டி அடுப்பை எடுத்து, பச்சை மிளகாயும் வெங்காயமும் போட்டு கார பன் பண்ணினாங்க. தேங்காய்ப் பூரணம் வெச்சு தில்பசந்த் பண்ணினாங்க. யாரோட பண்பாடும் கெட்டுப் போகலை.

சரி, நான் சொல்ல வந்தது ருசி பத்தி இல்லை. நேரம் பத்தி. மத்திய அரசு 2024-ல எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்புப்படி, சம்பளம் இல்லாத வீட்டு வேலை செய்யிற பெண்கள் ஒரு நாளைக்கு அதுக்குச் செலவழிக்கிறது 289 நிமிஷம். ஆண்கள் 88 நிமிஷம். அதுவும் வேலை செய்யிற ஆண்களை மட்டும் எடுத்த கணக்கு! சில்க் போர்டு டிராஃபிக்கைத் தாண்டி ரெண்டு பேரும் ஒரே மாதிரி ஆணி புடுங்கிட்டுத்தான் வீட்டுக்கு வர்றோம். அப்புறம் தங்கமணி அடுப்படி, ரங்கமணி ரிமோட்.

ஏன்னு கேட்டா, "எனக்குச் சமைக்க வராதுங்க" என்பார்கள். அதுல பாதி சாக்கு, பாதி உண்மை. நம்ம சமையல் கைப்பக்குவம். ‘உப்பு கொஞ்சம், புளி ஒரு கோலி, கொதி வந்ததும் இறக்கு’ என்று அம்மா சொல்றது, இருபது வருஷம் பக்கத்துல நின்னு பார்த்தவங்களுக்குத்தான் புரியும். பையன்களை யாரும் நிக்க விட்டதில்லை. பேக்கிங் அப்படி இல்லை. அங்க எல்லாம் கிராம், டிகிரி, நிமிஷம். பொட்டி தட்டுறவனுக்கு இதை விட வசதியான சமையல் உண்டா? ஒரு தராசு இருந்தா போதும், முதல் நாளே உள்ள நுழைஞ்சுடலாம்.

டார்ட்டுக்குக் கணக்கு இதோ. மைதா 100 கிராம், கோதுமை மாவு 100 கிராம், ஃபிரிட்ஜ்ல இருந்து எடுத்த வெண்ணெய் 100 கிராம், அரை ஸ்பூன் உப்பு. விரல் நுனியால உதிர்த்து, மூணு நாலு மேஜைக்கரண்டி ஐஸ் தண்ணி விட்டு உருட்டுங்க. சப்பாத்தி மாவு மாதிரி பிசையக் கூடாது, பிசைஞ்சா இழுவை வந்து கெட்டியாயிடும். அரை மணி ஃபிரிட்ஜ்ல வெச்சுத் தேய்ச்சு, தட்டுல விரிச்சு, முள்கரண்டியால குத்தி, 180 டிகிரியில 15 நிமிஷம். மேல வதக்கிய வெங்காயம், நல்லா பிழிஞ்ச கீரை, பனீர். ரெண்டு முட்டையை 150 மில்லி பாலோட அடிச்சு ஊத்துங்க. முட்டை வேண்டாம்னா ஒரு கப் கெட்டித் தயிர்ல ரெண்டு மேஜைக்கரண்டி கடலை மாவு. மறுபடி 30 நிமிஷம். அந்த நேரத்துல பசங்க வெள்ளரிக்காய் நறுக்கட்டும். உப்பு மட்டும் கடைசியில, இல்லைன்னா தண்ணி விட்டுடும்.

இனிப்புக்குக் கனிஞ்ச வாழைப்பழமும் வெல்லமும் போட்ட ராகி கேக். தயிர்ல இருக்கிற புளிப்பும் சமையல் சோடாவும் சேர்ந்து வாயு வரும். முட்டை இல்லாம கேக் எழும்புறது அதனாலதான். பெங்களூர் கடல் மட்டத்துக்கு மேல சுமார் 3,000 அடி. காத்தழுத்தம் குறைவு, அதனால கேக் சட்டுனு பொங்கி நடுவுல உட்கார்ந்துடும். சென்னையில இருந்து வந்த குறிப்புன்னா சோடாவை ஒரு சிட்டிகை குறைச்சுக்குங்க.

கரண்ட் பில் பயம்? 1,500 வாட் அவன் ஒரு மணி நேரம் ஓடினா அதிகபட்சம் ஒன்றரை யூனிட். உடம்பு இளைக்குமான்னு கேட்டா, இளைக்காது. 100 கிராம் வெண்ணெய் போட்டுட்டு டயட்னு பொய் சொல்ல மாட்டேன். அதான் வாரம் ஒரு நாள்.

ஊர்ல இருந்து வர்ற பெரியவங்க "இதெல்லாம் ஒரு சாப்பாடா?" என்று கேட்பாங்கதான். ஒரு துண்டு வெச்சுக் கொடுங்க. கூடவே மோரும் ஊறுகாயும் வைங்க, சண்டை பாதி குறையும். நம்ம பசங்க பெரியவங்களாகி எந்த ஊருக்குப் போனாலும் அம்மா ருசி தேடுவாங்க, தேடட்டும். அதோட சேர்த்து, அப்பாவும் சமைச்ச வீட்டுல இருந்து வந்தோம்னு அவங்களுக்கு ஞாபகம் இருக்கணும். பையனா பொண்ணான்னு பார்க்காம அவங்களும் சமைப்பாங்க.

ஆகவே ரங்கமணிகளே, வர்ற ஞாயித்துக்கிழமை அவனும் வேலை செய்யட்டும், நீங்களும் செய்யுங்க :-)