படிக்கிற பசங்களின் கை

“சயானுக்கா போறீங்க? அங்க படிக்கிற பசங்கதான் வயித்தக் கிழிப்பாங்க.” குடல்வால் வலியில் ஒருவர் சுருண்டு படுத்தால் மும்பையின் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் முதலில் வரும் எச்சரிக்கை இது. அரசு மருத்துவமனையில் ஏழை உடம்பில் கை பழகுகிறார்கள், காசு கொடுத்தால்தான் தேர்ந்த கை கிடைக்கும் என்ற நம்பிக்கை தாராவி வரை ஊறிக் கிடக்கிறது. இந்த நம்பிக்கை ஆளைக் கொல்லும். நகையை அடகு வைத்துப் பணம் புரட்டி முடிப்பதற்குள் குடல்வால் வெடித்துவிடும்.

சயான் ஆஸ்பத்திரி என்று நாம் சொல்லும் லோகமான்ய திலகர் மாநகராட்சி மருத்துவமனை 1947இல் பத்துப் படுக்கைகளோடு தொடங்கியது. இன்று 1,400க்கும் மேல். 1964 முதல் மருத்துவக் கல்லூரியும் உண்டு. லோக்கல் ரயிலில் அடிபட்டவர்கள், காசநோயில் குடல் ஓட்டையானவர்கள், சர்க்கரையால் கால் அழுகியவர்கள் என்று வந்துகொண்டே இருக்கும் இடம். 2006 ஜூலை 11 ரயில் குண்டுவெடிப்பில் காயம்பட்டவர்களை இங்கேயும் கொண்டுவந்தார்கள்.

அங்கே எம்.எஸ். என்னும் அறுவை மேற்படிப்பு படிக்கும் ரெசிடென்ட் டாக்டர் முதல் நாளே கத்தியைத் தூக்குவதில்லை. ஹாஸ்டல் கட்டில் கம்பியில் பட்டு நூலைக் கட்டிக் கட்டி முடிச்சுப் பழகுகிறார். பல மாதங்கள் சீழ்க்கட்டி கீறுவதும், பெரியவர்கள் அறுக்கையில் காயத்தை விரித்துப் பிடிப்பதும்தான் வேலை. முதல் குடல்வால் கைக்கு வரும்போது எதிரே லெக்சரரோ மூன்றாம் ஆண்டு சீனியரோ நிற்பார். அடியைக் கட்டுமுன் “காட்டு” என்பார். கட்டு சரியாக விழாவிட்டால் கருவி அவர் கைக்குப் போய்விடும். ஒரே வயிற்றை இரண்டு பேர் கவனமாகப் பார்க்கிறார்கள் என்பதுதான் இதன் பொருள்.

காசு கொடுத்துப் போகும் இடத்தில் மட்டும் என்ன? டி.என்.பி. என்னும் மருத்துவ மேற்படிப்புப் பயிற்சி பெரிய தனியார் மருத்துவமனைகளிலும் நடக்கிறது. படிக்கிறவர்கள் அங்கேயும் இருக்கிறார்கள். நீங்கள் தேடிப்போகும் பிரபல சர்ஜனும் எங்கோ ஒரு பொது வார்டில் முதல் வெட்டு வெட்டியவர்தான். அந்த நோயாளியும் உங்களைப் போல ஒருவர்தான்.

பயிற்சி மருத்துவர்கள் கைகொடுத்த அறுவைகளை அமெரிக்காவில் பெரிய அளவில் ஆராய்ந்திருக்கிறார்கள். நேரம் கொஞ்சம் கூடுகிறது, சிறு சிக்கல்களும் சற்றே கூடலாம், இறப்பு கூடவில்லை. மேற்பார்வை இல்லாமல் விட்டால் கதை வேறு. அப்படி விடும் இடங்கள் உண்டு, அவற்றை நானும் கண்டிக்கிறேன்.

உண்மையான ஆபத்தை நாம் பேசுவதே இல்லை. ரெசிடென்ட்டின் தொடர் பணி சாதாரணமாக 12 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது, வாரம் 48 மணி நேரம் என்று மத்திய அரசின் ரெசிடென்சி திட்டம் 1992லேயே சொன்னது. ஆனால் எமர்ஜென்சி நாளில் பணியில் இருந்த இளம் டாக்டர் மறுநாள் மாலைவரை வார்டிலேயே நிற்பது நாடு முழுக்க இன்றும் வழக்கம். பழகாத கையின் பின்னால் ஒரு சீனியர் நிற்கிறார். தூங்காத கையின் பின்னால் நிற்கும் சீனியரும் தூங்கவில்லை.

நாம் போராட வேண்டியது ரெசிடென்ட்களின் ஓய்வுக்காக. ஒப்புதல் தாளில் கையெழுத்துப் போடுமுன் யார் அறுக்கப்போகிறார், கூட நிற்பவர் யார், அவர்கள் எப்போது ஓய்வெடுத்தார்கள் என்று கேளுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. சயானிலும் உண்டு, கட்டணம் கட்டும் இடத்திலும் உண்டு.