அக்கி தோல் நோய் இல்லை, நரம்பு நோய்: தடுப்பூசிக்கும் மறதிநோய்க்கும் என்ன தொடர்பு?

"உடம்புச் சூடு, அதான் கொப்புளம் போட்டிருக்கு." அக்கி வந்தால் நம்ம ஊர் வீடுகளில் முதலில் கேட்கும் வசனம் இதுதான். அடுத்து, மண்பாண்டம் செய்பவரிடம் போய் காவியால் 'அக்கி எழுதிக்கொண்டு' வருவார்கள். ஆனால் 2025 ஏப்ரலில் 'நேச்சர்' இதழில் வந்த ஓர் ஆய்வு, அக்கிக்கான தடுப்பூசி டிமென்ஷியா எனும் மறதிநோயையும் குறைக்கிறது என்றது. தோலில் வரும் கொப்புளத்துக்கும் மூளைக்கும் என்ன சம்பந்தம்?

அக்கி தோலில் தொடங்குவதே இல்லை. சின்ன வயதில் நமக்குச் சின்னம்மை தந்த அதே வைரஸ்தான் இதற்கும் காரணம். அம்மை இறங்கினாலும் வைரஸ் உடம்பை விட்டுப் போவதில்லை. முதுகுத்தண்டை ஒட்டிய நரம்பு முடிச்சுகளில் பல பத்தாண்டுகள் சத்தமில்லாமல் கிடக்கும். வயது, புற்றுநோய் சிகிச்சை, ஸ்டீராய்டு மருந்து என ஏதோ ஒன்றால் எதிர்ப்புச் சக்தி குறையும்போது விழித்து, அந்த நரம்பு வழியாகவே தோலுக்கு வருகிறது. கொப்புளங்கள் பெரும்பாலும் உடலின் ஒரு பக்கத்தில் மட்டும், பட்டை போல வருவது இதனால்தான். அது ஒரு நரம்பின் எல்லை.

கொப்புளத்துக்குச் சில நாள் முன்பே எரிச்சலும் வலியும் தொடங்கிவிடும். அப்போது தோலில் எதுவும் தெரியாது. நெஞ்சுப் பக்கம் என்றால் இதய வலியோ என்று பயப்படுவார்கள், இடுப்பில் என்றால் சிறுநீரகக் கல்லோ என்று ஸ்கேனுக்கு ஓடுவார்கள்.

கொப்புளம் இரண்டு முதல் நான்கு வாரத்தில் தானாகவே காய்ந்துவிடும். (எழுதியதால் சரியானது என்ற பெயர் வருவதும் இதனால்தான்.) ஆனால் சிலருக்கு வலி மூன்று மாதம் தாண்டியும் போகாது. அடிபட்ட நரம்பு காரணமே இல்லாமல் மூளைக்கு 'வலி, வலி' என்று செய்தி அனுப்பிக்கொண்டே இருக்கும். சட்டை உரசினால்கூட தாங்க முடியாது. சாதாரண வலி மாத்திரை பெரிதாக உதவாது. வலிப்பு நோய்க்குத் தரும் காபாபென்டின், ப்ரீகாபலின் போன்ற மருந்துகளைத்தான் டாக்டர்கள் எழுதுகிறார்கள். வயது கூடக்கூட இந்த ஆபத்தும் கூடும்.

அசைக்ளோவிர், வாலாசைக்ளோவிர் போன்ற வைரஸ் எதிர்ப்பு மாத்திரைகளை, கொப்புளம் தெரிந்த 72 மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது. காவி பூசிவிட்டுக் காத்திருக்கும் வீடுகளில் கைநழுவிப் போவது இந்த மூன்று நாள்தான். நெற்றியிலோ மூக்கு நுனியிலோ கொப்புளம் என்றால் அன்றைக்கே கண் டாக்டரைப் பார்க்க வேண்டும், பார்வையே போகலாம். 2022-ல் பாடகர் ஜஸ்டின் பீபருக்கு முகத்தின் ஒரு பக்கம் அசையாமல் போனதே, ஞாபகம் இருக்கா? அதுவும் இதே வைரஸ், காதருகே உள்ள முக நரம்பைத் தாக்கியதால் வந்தது.

சரி, மறதிநோய்க்கு வருவோம். பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் 2013 செப்டம்பரில் அக்கி தடுப்பூசித் திட்டம் தொடங்கியபோது ஒரு விநோத விதி இருந்தது. 1933 செப்டம்பர் 2 அல்லது அதற்குப் பின் பிறந்தவர்களுக்கே ஊசி. ஒரு வாரம் முன்னால் பிறந்திருந்தாலும் கிடையாது. வயதில் சில வாரமே வித்தியாசம், மற்றபடி ஒரே மாதிரி மக்கள். ஆய்வாளர்களுக்கு இதைவிட என்ன வேண்டும்? ஏழு ஆண்டுகளில், ஊசி போட்டவர்களுக்கு டிமென்ஷியா வரும் வாய்ப்பு சுமார் 20 சதவீதம் குறைவாக இருந்தது. பெண்களிடம் பலன் இன்னும் அதிகம். வைரஸ் விழிப்பதைத் தடுப்பதால் மூளை தப்பிக்கிறதா, ஊசி எதிர்ப்புச் சக்தியையே மாற்றுகிறதா என்பது இன்னும் உறுதியாகவில்லை. எனவே 'மறதிக்கு ஊசி வந்தாச்சு' என்று வரும் வாட்ஸ்அப் ஃபார்வேர்டுகளை நம்ப வேண்டாம்.

வேல்ஸில் அப்போது போட்டது உயிருள்ள, வலுவிழக்கச் செய்த வைரஸ் கொண்ட பழைய ஊசி. இந்தியாவில் 2023-ல் வந்த ஷிங்ரிக்ஸ் வேறு வகை. 50 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு, இரண்டு முதல் ஆறு மாத இடைவெளியில் இரண்டு டோஸ். அரசின் இலவசத் தடுப்பூசிப் பட்டியலில் இது இல்லை, விலையும் ஆயிரக்கணக்கில். ஒருமுறை அக்கி வந்தவர்களும் அது முழுக்க ஆறிய பிறகு டாக்டரிடம் கேட்டுப் போட்டுக்கொள்ளலாம்.