மலை முகட்டில் ஒரு கற்குவியல்

கோடை பிறந்தால் நம்மவரில் வசதியுள்ளவர்கள் உதகமண்டலத்துக்குப் புறப்பட்டு விடுகிறார்கள். ஏரியைப் பார்க்கிறார்கள், பூந்தோட்டத்தைப் பார்க்கிறார்கள், தொட்டபெட்டாவில் ஏறி, குளிர் தாங்காமல் இறங்கி வருகிறார்கள். அதே நீலகிரியில், ஜன நடமாட்டமில்லாத குன்றுகளிலும் முகடுகளிலும், புல்லுக்கு நடுவே கற்குவியல்களும் கல் வட்டங்களும் கிடக்கின்றன. அவற்றைத் தேடிப் போகிறவர் மிகச் சிலரே. தற்செயலாகக் கண்ணில் பட்டாலும், மாடு மேய்ப்பவர் எவரோ குவித்த கல் என்று எண்ணிக் கடந்துவிடுகிறோம்.

உண்மையில் அவை நம் நாட்டுப் பண்டை மக்கள் தம்மில் இறந்தவர்களுக்கு எழுப்பிய ஈமச் சின்னங்கள். எரிந்த எலும்பையும் சாம்பலையும் மட்கலங்களோடு புதைத்து, மேலே கல்லை அடுக்கினார்கள். சில இடங்களில், கிணற்றுக்குக் கட்டுவதுபோல வட்டச் சுவரே எழுப்பியிருக்கிறார்கள். உள்ளே கிடைத்த பொருள்கள் அற்புதமானவை. அடுக்கடுக்காக உயர்ந்த சாடிகள். அவற்றின் மூடிமேல் எருமை, யானை, குதிரைமேல் அமர்ந்த வீரன், ஆண், பெண் என்று களிமண் உருவங்கள். எருமையின் கழுத்தில் மணி கட்டவும் அந்தக் குயவர் மறக்கவில்லை! இரும்பு ஈட்டிமுனை, வெண்கலக் கிண்ணம், பொன் நகை ஆகியவையும் கிடைத்தன. இறந்தவர்களுக்குத் தமிழர் செய்த முறைகளை மணிமேகலை ஐந்தாக வகுத்துச் சொல்கிறது. சுடுவதும், குழியில் இடுவதும், தாழியில் கவிப்பதும் அவற்றுள் அடங்கும். நூல் சொல்வதற்கு நிலம் சாட்சி கூறுகிறது.

இந்தச் சாட்சியை நாம் எப்படி நடத்தினோம்? 1847-ல் காங்க்ரீவ் என்ற ஆங்கிலப் படை அதிகாரி இக்குவியல்களைப் பற்றி எழுதினார். நீலகிரியின் முதல் கமிஷனரான பிரீக்ஸ் பலவற்றைத் தோண்டி ஆராய்ந்தார்; அவர் இறந்தபின் 1873-ல் அவருடைய நூல் வெளிவந்தது. இவர்களைப் போலக் குறிப்பு எழுதி வைத்தவர்கள் சிலர். பொழுது போக்குக்காகவும் புதையலாசையாலும் தோண்டிக் கலைத்துவிட்டுப் போனவர்களும் உண்டு. எஞ்சிய பொருள்கள் சென்னை எழும்பூர்க் காட்சிசாலையிலும் லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்திலும் இருக்கின்றன. பொன்னும் வெண்கலமும் கடல் கடந்து போனது நமக்கு வருத்தமே. ஆனால் அதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு. எந்தச் சாடி எந்தக் குவியலில், எந்த எலும்பின் அருகில், எத்தனை ஆழத்தில் இருந்தது என்ற செய்தி பல பொருள்களுக்கு இல்லை. இவற்றைச் செய்தவர் யார் என்ற வழக்கு இன்னும் தீராமல் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். தோடர்களின் முன்னோரே என்றார் காங்க்ரீவ். தோடர்களோ மட்பாண்டம் வனைபவர்கள் அல்லர். கோத்தர்களிடமிருந்து பெற்று வந்தவர்கள். மூடிமேல் குதிரை வீரனை அமர்த்திய கை எவருடையது? சாடி கண்ணாடிப் பெட்டிக்குள் மௌனமாக இருக்கிறது.

இதற்கு மாறாக, தாமிரபரணிப் பக்கத்துச் சிவகளையில் நடந்ததைப் பாருங்கள். அங்கே முறையாக அகழ்ந்த ஒரு முதுமக்கள் தாழியில் நெல் கிடைத்தது. பரிசோதனையில் அதன் காலம் கி.மு. 1155 என்று தெரிந்ததாக 2021-ல் தமிழக அரசு அறிவித்தது. புதையல் தேடுகிறவன் கையில் அந்தத் தாழி அகப்பட்டிருந்தால், நெல்லை உதறிவிட்டுப் பொன் உண்டா என்று பார்த்திருப்பான். மூவாயிரம் ஆண்டுச் சரித்திரம் காற்றோடு போயிருக்கும்.

தமிழகத்துக் கிராமங்களில் இத்தகைய சின்னங்களைப் பாண்டவர் குழி என்று சொல்லும் வழக்கம் உண்டு. பெயர் சரித்திரத்துக்குப் பொருந்தாமல் இருக்கலாம். ஆனால் அந்தப் பெயரில் ஒரு மரியாதை இருந்தது. தொட்டால் ஆகாது என்ற அச்சமும் கூடவே இருந்தது. படிப்பு வந்ததும் அச்சம் போய்விட்டது. அதன் இடத்தில் அறிவு வந்து காவல் நிற்க வேண்டாமா? தோட்டம் போடவும், வீடு கட்டவும், ஜல்லி உடைக்கவும் மலைச்சரிவுகளைத் திருத்துகிற காலம் இது. 1958-ல் மத்திய சர்க்காரும் 1966-ல் மாநில சர்க்காரும் புராதனச் சின்னங்களுக்காகச் சட்டம் செய்தன. என்றாலும், பாதுகாக்கப்பட்டது என்று சர்க்கார் அறிவித்த சின்னத்துக்கே அச்சட்டங்களின் முழுக் காவலும் கிடைக்கும். அறிவிக்கப்படாத குவியலுக்கு அக்கம்பக்கத்தாரே காவல்.

ஆகையால் நம் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். மலைக்குப் போகும்போது குழந்தைகளுக்கு இந்தக் கல் வட்டங்களையும் காட்டுங்கள். குழந்தை ஓர் ஓட்டாஞ்சில்லைக் கையில் எடுத்தால், எடுத்த இடத்திலேயே வைக்கச் சொல்லுங்கள். எங்கேனும் குவியலைக் கலைக்கக் கண்டால் தொல்லியல் துறைக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். இறந்தவர்களுக்காக மலைமேல் கல் சுமந்தவர்கள் தங்கள் பெயரை எழுதி வைக்கவில்லை. அவர்கள் அடுக்கிய வரிசையே அவர்கள் எழுதிய எழுத்து. அதைப் படிக்கத் தெரிந்தவர் வரும் வரையில் அழியாமல் வைத்திருப்பது நம் கடன்.